கெண்டை விந்து: குளிரில் வைப்பதா, திரவ நைட்ரஜனில் உறைய வைப்பதா?

சாதாக் கெண்டையின் விந்தணு ஆண்மீனின் உடம்புக்குள் அசையாமல்தான் கிடக்கிறது. விந்துநீரின் சவ்வூடுபரவல் செறிவு, அதாவது அதில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அடர்த்தி, கிலோவுக்குச் சுமார் 300 மில்லிஆஸ்மோல். நன்னீர் பட்டதும் அது சட்டெனச் சரிய, வால் துடிக்கத் தொடங்கும். துடிப்பு ஒரு நிமிடம் முன்பின்தான். அதற்குள் வாலை இயக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி தீர்ந்துவிடும். எந்த முறையில் சேமித்தாலும் வேலை ஒன்றே: நமக்கு வேண்டிய நொடி வரும்வரை அதை எழுப்பாமல் வைத்திருப்பது.

பெரும்பாலும் தோற்பது சேமிப்பில் அல்ல, பீய்ச்சி எடுக்கும்போது. வயிற்றை அழுத்தினால் முதலில் வருவது சிறுநீர். அது கலந்தால் செறிவு இறங்கி, விந்தணு குப்பியிலேயே நீந்தித் தீர்ந்துவிடும். ஆகவே மீனின் அடிவயிற்றை ஈரமின்றித் துடைத்து, முதல் சொட்டுகளைத் தள்ளிவிட்டு, உலர்ந்த சிரிஞ்சில் உறிஞ்ச வேண்டும். ஒரு துளியைத் தண்ணீர் சேர்க்காமல் நுண்ணோக்கியில் பாருங்கள்: எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் சிறுநீர் புகுந்திருக்கிறது. அந்த விந்தை உறைய வைப்பது வீண். பிறகு நூறு மடங்குக்கு மேல் தண்ணீர் சேர்த்து, 10–15 விநாடிக்குள் இயக்கத்தைக் கணியுங்கள். குறைவாக நீர்த்தால் விளிம்பில் இருப்பவை மட்டும் அசையும். நல்ல விந்தும் மோசமாகத் தெரியும்.

குளிர்முறைக்குச் செலவு குறைவு. ஒரு லிட்டர் வடிநீரில் பொட்டாசியம் குளோரைடு 14.9 கிராம், பிஎச் மாறாமல் காக்கும் ட்ரிஸ் என்ற வேதிப்பொருள் 3.6 கிராம் கரைத்து, பிஎச் 8-க்குக் கொண்டுவந்தால் விந்தணுவை அசையவிடாத கரைசல் தயார். இதில் கலந்து 4 டிகிரி செல்சியஸில் வைக்கலாம். விந்தணு மூச்சு விடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விளிம்புவரை நிரப்பி மூடிய குப்பியில் அது திணறிச் சாகும். அகலமான பாத்திரத்தில் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு மட்டும் ஊற்றி, மேலே காற்றோ ஆக்ஸிஜனோ விட வேண்டும். பனிக்கட்டியை நேராகத் தொடவிடக் கூடாது. நாள் செல்லச் செல்ல பாக்டீரியா பெருகும், இயக்கம் குறையும். இது நாள்கணக்கு முறை, மாதக்கணக்குக்கு ஆகாது.

உறைமுறையில் காலம் நின்றுவிடுகிறது. 1953இல் பிளாக்ஸ்டர் என்ற ஆய்வாளர் ஹெர்ரிங் என்ற கடல்மீனின் விந்தை உறைய வைத்தது, வசந்தத்தில் முட்டையிடும் கூட்டத்தையும் இலையுதிர் காலக் கூட்டத்தையும் கலப்பதற்காக. ஆணும் பெண்ணும் ஒரே பருவத்தில் முதிராத இடத்தில் இன்றும் இது கைகொடுக்கும்.

கெண்டை விந்தை நீர்க்கச் செய்யும் கரைசலில் லிட்டருக்கு குளுக்கோஸ் 63 கிராம், ட்ரிஸ் 3.6 கிராம், பிஎச் 8. உறையும்போது விந்தணு சிதையாமல் காக்க மெத்தனால் 10 சதவீதம். விந்து ஒரு பங்கு, கரைசல் ஒன்பது பங்கு. மெத்தனால் சேர்ந்த பிறகு தாமதிக்கக் கூடாது, அது நஞ்சுதான். 0.5 மில்லி ஸ்ட்ராக்களில் (விந்தை உறைய வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள்) நிரப்பி, திரவ நைட்ரஜனுக்கு 3 செ.மீ. மேலே ஆவியில் 3 நிமிடம் வைத்து, பின்பு முக்க வேண்டும். உருக்குவதற்கு 40 டிகிரி நீரில் 13 விநாடி. கூடுதலாக வைத்தால் சூட்டில் சாகும். குறைத்தால் நடுவில் பனி மிஞ்சும். ஆவியாகும் நைட்ரஜன் அறையின் ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும், எனவே காற்றோட்டமில்லாத அறையில் இந்த வேலையே வேண்டாம்.

இப்போது கணக்கு. ஒரு கிலோ முட்டைக்குப் புதிய விந்து 10 மில்லி என்பது பொரிப்பகங்களில் பழகிய அளவு. ஒரு ஸ்ட்ராவில் இருக்கும் அசல் விந்து 0.05 மில்லி. அதே அளவைக் கொடுக்க 200 ஸ்ட்ரா வேண்டும்! உறைந்து உருகியதில் ஒரு பகுதி இறந்தும் போயிருக்கும். ஆகவே அன்றாடக் குஞ்சு உற்பத்திக்கு உறைமுறையைப் பரிந்துரைக்க மாட்டேன். பெண்மீன் ஓரிரு நாள் தாமதமாகிறது, ஆண்மீன் பக்கத்துப் பண்ணையில் இருக்கிறது என்றால் குளிர்முறையே போதும். ஒரு வம்சத்தைக் காப்பாற்ற வேண்டும், அரிய ஆணின் விந்து ஆண்டுக்கணக்கில் வேண்டும் என்றால் செலவைப் பார்க்காமல் நைட்ரஜனுக்குப் போங்கள்.

கருவூட்டும்போதும் வித்தியாசம் உண்டு. குளிர்ந்த விந்தை உலர்ந்த முட்டை மேல் ஊற்றி நிதானமாகக் கலக்கலாம். உருக்கியதற்கு அந்தப் பொறுமை கிடையாது. முட்டையைச் சிறு சிறு பங்காகப் பிரித்து, ஸ்ட்ராவை வெட்டிய கையோடு ஊற்றிக் கிளறி, உடனே தண்ணீர் விட வேண்டும். ஒரே சட்டியில் ஒரு கிலோவைக் கொட்டி ஸ்ட்ராக்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தால், கடைசி ஸ்ட்ரா வெட்டப்படுவதற்குள் முதலில் ஊற்றியது வலுவிழந்திருக்கும்.