ஸ்கோப்பை நேராகப் பொருத்த எதை நம்பலாம்: ரசமட்டமா, ஆப்பா, தூக்குக்குண்டா?

ரைஃபிளில் ஸ்கோப்பைப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தும்போது “நேராக இருக்கிறதா?” என்று நாம் கேட்கும் ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ரெட்டிகிளின் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) செங்குத்துக் கோடு, புவியீர்ப்பு இழுக்கும் திசையில் நிற்கிறதா என்பது முதலாவது. அந்தக் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் அது துப்பாக்கிக் குழலின் மைய அச்சைத் தொடுகிறதா என்பது இரண்டாவது. பொருத்தும் வழிமுறை ஒவ்வொன்றும் இவற்றில் எந்தக் கேள்விக்குப் பதில் தருகிறது என்று பார்க்காமல் முறைகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே எடை கிடையாது. 1000 மீட்டர் தொலைவிலுள்ள இலக்குக்காக டரட்டில் (குறியை நகர்த்தும் திருகுகுமிழ்) 10 மில்லிரேடியன் கோணம் ஏற்றியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொலைவில் அது 10 மீட்டர் ஏற்றம். தோட்டா விழுவது புவியீர்ப்பின் திசையில். நாம் கொடுத்த ஏற்றமோ ரெட்டிகிள் சாய்ந்திருக்கும் திசையில். சாய்வு 3 பாகை என்றால் தோட்டா சுமார் 52 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். 1 பாகைக்கே 17 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். மாறாக, ரெட்டிகிள் செங்குத்தாகவே நிற்கிறது, அதன் அடியில் ரைஃபிள்தான் 3 பாகை திரும்பியிருக்கிறது என்று கொள்வோம். ஸ்கோப்பின் அச்சு குழலின் அச்சுக்கு 5 சென்டிமீட்டர் மேலே இருந்தால், குழல் பக்கவாட்டில் நகர்ந்திருப்பது 2.6 மில்லிமீட்டர்தான். 100 மீட்டரில் ஜீரோ செய்த (குறிபார்த்த இடத்திலேயே தோட்டா விழும்படி சரிசெய்த) அந்த ரைஃபிள் 1000 மீட்டரில் காட்டும் பிழை ஏறத்தாழ 2.4 சென்டிமீட்டர். முதல் பிழை இரண்டாவதைப் போல இருபது மடங்குக்கும் மேல். ஆகவே ஒரு முறையின் தரத்தை, அது முதல் கேள்விக்கு எவ்வளவு நேரடியாக விடை தருகிறது என்பதைக் கொண்டே அளக்கிறேன்.

எந்த முறையில் இறங்கினாலும் முதலில் தோட்டாக்களை அகற்றி, தோட்டா அமரும் அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து, இயன்றால் அந்த அறையை மூடும் போல்ட்டையும் கழற்றி வைத்துவிட வேண்டும். மவுண்ட்டை (ஸ்கோப்பைத் தாங்கும் பிடி) ரயிலின் (ரைஃபிளின் மேலுள்ள பட்டை) பள்ளத்தில் முன்பக்கமாகத் தள்ளி இறுக்குவதும், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளியை உச்ச உருப்பெருக்கத்தில் வைத்து முடிவு செய்வதும் அடுத்த வேலைகள். மட்டம் பார்த்து முடித்த பிறகு ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலோர் கையாளுவது இரண்டு ரசமட்ட முறை. ஒன்றை ரயிலின் மேல் வைத்து ரைஃபிளை மட்டப்படுத்துகிறோம். மற்றொன்றை மேல் டரட்டின் மூடிமேல் வைத்து, அதன் குமிழி நடுவுக்கு வரும்வரை ஸ்கோப்பைத் திருப்புகிறோம். செலவு குறைவு, பத்து நிமிட வேலை. ஆனால் இந்த முறை நம்மைக் கேட்காமலேயே மூன்று செய்திகளை உண்மை என்று எடுத்துக்கொள்கிறது: இரண்டு ரசமட்டங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, ரயிலின் மேற்பரப்பு உண்மையிலேயே சரியான தளம், மூடியின் மேற்பரப்பு ரெட்டிகிளுக்குச் சரியான செங்கோணத்தில் இருக்கிறது. முதலாவதைச் சோதிப்பது எளிது. ரசமட்டத்தை வைத்த இடத்திலேயே 180 பாகை திருப்பி வைத்தால் குமிழி அதே நிலைக்கு வர வேண்டும். மூன்றாவதுதான் ஆபத்தானது. டரட் மூடி என்பது கைப்பிடிப்புக்கும் பாதுகாப்புக்கும் செய்யப்பட்ட பாகமே தவிர, அளவெடுப்பதற்கான தளம் அன்று. நான் பொருத்திய ஒரு ஸ்கோப்பில் இரண்டு குமிழிகளும் அசையாமல் நடுவில் நின்றன. அதே நிலையில் தூக்குக்குண்டின் நூலைப் பார்த்தபோது ரெட்டிகிள் வெளிப்படையாகவே வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அன்றிலிருந்து மூடியின் மேல் வைக்கும் ரசமட்டத்தைத் தோராயக் கணக்குக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன்.

ஆப்பு முறை இதைவிட ஒரு படி மேலானது. டரட் பகுதியின் அடியில் தட்டையான பரப்புள்ள ஸ்கோப்புகளில், அந்தப் பரப்புக்கும் ரயிலுக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய) தகடுகளை அடுக்கியோ, ஒன்றன்மேல் ஒன்று சரியும் இரட்டை ஆப்பைச் செருகியோ இடைவெளியை நிரப்பினால், இரண்டு பரப்புகளும் தாமாகவே இணையாகிவிடும். ரைஃபிள் எந்தக் கோணத்தில் கிடந்தாலும் கவலை இல்லை. இதன் உண்மையான சிறப்பு திருகுகளை இறுக்கும்போது தெரியும். மேலும் கீழுமாகப் பிளந்த ரிங்குகளில் (ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்கள்) ஒரு பக்கத் திருகை முதலில் இறுக்கினால் ஸ்கோப் அந்தப் பக்கம் மெல்ல உருளும். ஆப்பு அடியில் இருக்கும்வரை அது உருளாது. குறை என்னவென்றால், இம்முறை நேரடியாக விடை தருவது இரண்டாவது கேள்விக்கே. அடிப்பரப்பும் ரெட்டிகிளும் தொழிற்சாலையில் சரியாகப் பொருந்தியிருக்கின்றன என்று நம்பினால்தான் முதல் கேள்விக்கு விடை கிடைக்கும். அடிப்பகுதி உருண்டையாக உள்ள ஸ்கோப்புகளிலும், நடுவில் பாலம்போல் உயர்ந்திருக்கும் ஒற்றைத் துண்டு மவுண்ட்டுகள் சிலவற்றிலும் இது நடக்கவே நடக்காது.

தூக்குக்குண்டு மட்டும்தான் ரெட்டிகிளையே நேராகப் பார்க்கிறது. கொத்தனார் சுவரைச் சரிபார்க்கும் அதே நூலும் குண்டும் போதும். 30 முதல் 50 மீட்டர் தொலைவில், பின்புலத்திலிருந்து நன்றாகப் பிரிந்து தெரியும் நிறத்தில் நூலைத் தொங்கவிட்டு, குண்டு ஆடாதிருக்க அதை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கிவிட வேண்டும். ரைஃபிளை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பிடிப்புக் கருவி) பிடித்து, ரயிலின்மேல் ரசமட்டம் வைத்து மட்டப்படுத்திய பின், பேரலாக்ஸைச் (கண் நகர்ந்தால் ரெட்டிகிளும் நகர்வதுபோல் தோன்றும் பிழை) சரிசெய்து ரெட்டிகிளை நூலோடு ஒப்பிட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கோட்டை நூலின்மேல் பதித்துப் பார்த்தால் கோடு நூலை மறைத்துக்கொள்வதால் சிறு சாய்வு கண்ணில் படாது. கோட்டை நூலுக்கு மிக அருகில், ஒரு மயிரிழை இடைவெளி விட்டு நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவில் தெரியும் வெளிச்சக் கீற்று மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கோடு நேராக நிற்பதைவிட அந்தக் கீற்றின் அகல வேறுபாட்டைக் கண் எளிதில் பிடித்துவிடும்.

இதற்கு வெளியிடம் வேண்டும், காற்றில்லா நேரம் வேண்டும், அசையாத வைஸ் வேண்டும்; பைப்பாடும் (இருகால் தாங்கி) மணல்பையும் போதா, திருகைத் தொட்டவுடன் ரைஃபிள் நகர்ந்துவிடும். வெளியிடம் இல்லாதவர்களுக்கு இதன் கிளை முறை ஒன்று இருக்கிறது. இருட்டறையில் கண்ணருகு வில்லைக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தால் ரெட்டிகிளின் நிழல் எதிர்ச்சுவரில் விழும். அங்கே தொங்கும் நூலோடு அதைப் பொருத்தலாம். நிழல் சற்று மங்கலாகவே இருக்கும் என்றாலும், மூடிமேல் வைத்த குமிழியைவிட இதையே நம்புவேன்.

வெறுங்கண்ணால் பார்த்துப் பொருத்துவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தோளில் வைக்கும்போது ஒவ்வொருவரும் ரைஃபிளைச் சற்றே சாய்த்துப் பிடிக்கிறோம். பழகிய சாய்வு நேராகத் தோன்றும்.

ஆகவே நான் செய்வது இதுதான்: ஆப்பு முறை இயலும் ஸ்கோப் என்றால் அதை வைத்துத் தோராயமாக நிறுத்தி, நூலைப் பார்த்துத் திருத்தி, ரிங் திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்கி, ரிங்கின் இரு பக்க இடைவெளிகளும் சமமாக இருக்கும்படி முடிக்கிறேன். டார்க் (முறுக்குவிசை) அளவு பெரும்பாலும் 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டருக்குள் அமையும்; தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே இறுதி. இறுக்கி முடித்தபின் நூலை மறுபடி பார்க்காமல் விடுவதில்லை.

அதே அமர்வில் செய்யக்கூடிய மற்றொரு சோதனையைப் பலர் தவறவிடுகிறார்கள். ரெட்டிகிளின் மையத்தை நூலின்மேல் நிறுத்தி, வைஸை அசைக்காமல் டரட்டை 10 மில்லிரேடியன் திருப்புங்கள். மையம் நூலோடு ஒட்டியே நகர வேண்டும். விலகினால், ரெட்டிகிள் நேராக நின்றாலும் டரட்டின் நகர்வு சாய்ந்திருக்கிறது என்று பொருள். டரட்டைத் திருப்பிச் சுடுகிறவர் அப்போது அந்த நகர்வையே நூலுக்கு ஒத்துப்போகச் செய்ய வேண்டும். ரெட்டிகிளின் குறிகளைக் கொண்டு சுடுகிறவர் ரெட்டிகிளையே நூலோடு நிறுத்த வேண்டும். சுட்டுச் சரிபார்க்க விரும்பினால், 100 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் உயரமான தாளில் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்துக் கோடு வரைந்து, அடியில் குறிபார்த்து 10 மில்லிரேடியன் ஏற்றிச் சுடலாம். துளைகள் ஒரு மீட்டர் மேலே, கோட்டின்மேல் விழ வேண்டும், 1.75 சென்டிமீட்டர் விலகல் 1 பாகைச் சாய்வைக் குறிக்கும்.

சுடும் இடத்தில் நூல் தொங்காது. அங்கே துணை நிற்பது ஸ்கோப்பின் குழாயில் மாட்டும் சிறு ரசமட்டம்தான். அதை ரயிலையோ மூடியையோ பார்த்துப் பொருத்தக் கூடாது. ரெட்டிகிள் நூலோடு ஒன்றி நிற்கும் அந்த நிலையிலேயே, வைஸிலிருந்து ரைஃபிளை எடுப்பதற்கு முன், குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கிவிட வேண்டும்.