பெரிய மென்பொருள் நிறுவனமா, பத்துப் பேர் கொண்ட சிறு நிறுவனமா?

கொழும்பில் இவ்விரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் சம்பளத்தோடு நின்றுவிடுகிறார்கள். தொழில்தருநர் செலுத்தவேண்டிய 12 சதவீத ஊழியர் சேமலாப நிதிப் (ஓய்வுகாலச் சேமிப்பு) பங்களிப்பு இரண்டு இடங்களிலும் சட்டப்படி உண்டு. ஆனால் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடங்களையே கட்டுப்படுத்துவதால், ஐந்தாண்டுச் சேவைக்குப்பின் ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் என்ற பணிக்கொடை உரிமை சிறு நிறுவனத்தில் உறுதியில்லை.

பெரிய நிறுவனத்தில் மூத்தவர்கள் நம் நிரலை வரிவரியாகப் பார்த்துத் திருத்துவதால் ஒழுங்கு கைவருகிறது. எனினும் ஒரே மென்பொருளின் ஒரு மூலையிலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கிவிடவும் கூடும். சிறிய இடத்திலோ தரவுத்தளம் முதல் வாடிக்கையாளரின் கோபம் வரை யாவும் நம் தலையில்தான். ஐந்தாண்டு நிறையுமுன் விலகுவதால் பணிக்கொடை கைவிட்டுப் போனாலும், முதல் மூன்றாண்டுகளுக்கு நான் பெரியதையே தேர்வேன்.