பண்டாரவளையிலிருந்து கிளிநொச்சிக்குக் குடிபெயர: கண்டிப் பாதையா, மஹியங்கனைப் பாதையா?

மலையகத்துத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குக் குடிபெயர்வது எங்கள் குடும்பத்தோடு தொடங்கியதன்று. 1977ஆம் ஆண்டு தமிழருக்கு எதிரான வன்செயலுக்குப் பின்னர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அங்கே காணியும் கிணறுமாக வாழ்கிறார்கள்; அப்படிப்பட்ட உறவினர்களை நம்பியே நாங்களும் புறப்பட்டோம். பெற்றோரின் வீட்டுச் சாமான்களை ஒரு டிசம்பரில் கண்டி வழியாகவும், தங்கை வீட்டுச் சாமான்களை வேறோர் ஆண்டு ஆகஸ்டில் மஹியங்கனை வழியாகவும் லொறியில் கொண்டு சென்றேன். இப்போது குடிபெயரத் தயாராகும் உறவினர்கள் பலரும் எந்தப் பாதை கிட்ட என்றுதான் கேட்கிறார்கள். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பாரம் ஏற்றிய வண்டிக்கு எந்தப் பாதை பொருந்தும், எந்த மாதத்தில் பொருந்தும் என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை.

கண்டிப் பாதை வெலிமடை, ஹக்கலை, நுவரெலியா, ரம்பொடை, புஸ்ஸல்லாவை, கம்பளை, பேராதனை என்று வந்து, கண்டியிலிருந்து ஏ9 வீதியில் மாத்தளை, தம்புள்ளை வழியாக வடக்கே செல்கிறது. மற்றப் பாதை பதுளைக்கு இறங்கி, தல்தென, மீகஹகிவுல வழியாக மஹியங்கனையை அடைந்து, தெஹியத்தகண்டிய, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை ஊடாக மரதன்கடவலவில் அதே ஏ9 வீதியைச் சேர்கிறது. அதற்கு அப்பால் மிஹிந்தலை, மதவாச்சி, வவுனியா, மாங்குளம் என எல்லோருக்கும் ஒரே வழி. ஆகவே ஒப்பிட வேண்டியது மரதன்கடவல வரைக்கும் உள்ள பகுதியைத்தான்.

பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர். கண்டி வழியாகச் செல்லும் லொறி, அலுமாரி, கட்டில், தையல் மெஷின் என ஒரு வீட்டின் முழுப் பாரத்தையும் சுமந்துகொண்டு அறுநூறு மீற்றருக்கு மேல் ஏறி, பின்னர் ரம்பொடை வளைவுகளில் கம்பளை வரை ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேல் இறங்க வேண்டும். மஹியங்கனை வழியிலும் ஏறத்தாழ 100 மீற்றர் உயரம் வரை இறங்கத்தான் வேண்டும். ஆனால் முன்னதாகப் பெரிய ஏற்றம் இல்லை, பதுளையில் வண்டியை நிறுத்தி பிரேக்கை ஆறவிட்டு மீண்டும் புறப்படலாம். மஹியங்கனை என்றதும் பதினெட்டு வளைவை நினைத்துப் பயப்படுவோர் உண்டு. அந்த வளைவுகள் கண்டியிலிருந்து மஹியங்கனைக்கு வரும் வீதியில் உள்ளவை. பதுளையிலிருந்து இறங்குவோருக்கு அவை குறுக்கே வருவதில்லை.

ரம்பொடை இறக்கத்தில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். சுரங்கப்பாதையைக் கடந்து சிறிது தூரத்தில் பிரேக் தீயும் வாடை வரத் தொடங்கியது. சாரதி ஓரமாக நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். அந்த நேரத்தில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். பின்பக்கம் வைத்திருந்த அம்மிக்கல் இறக்கத்தில் முன்னோக்கி நழுவி வந்து, அம்மாவின் தையல் மெஷினுடைய இரும்புக் காலை வளைத்திருந்தது. இறக்கத்தில் பாரமெல்லாம் முன்பக்கமே தள்ளும். அம்மி, ஆட்டுக்கல், அரிசி மூட்டை ஆகியவற்றைச் சாரதி ஆசனத்துக்குப் பின்னாலுள்ள பலகையோடு ஒட்டி, தரையிலேயே வைத்துக் கட்ட வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஏறுவதற்கு எந்த கியரோ இறங்குவதற்கும் அந்த கியர் என்பது அந்தச் சாரதி சொல்லித்தந்தது. 2025 மே 11ஆம் திகதி ரம்பொடையை அண்டிய கரண்டிஎல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த செய்தியைக் கேட்டபோது, அந்த வீதியோரத்தில் நாங்கள் காத்திருந்த முக்கால் மணி நேரமே என் நினைவுக்கு வந்தது.

அதற்காகக் கண்டிப் பாதையை ஒதுக்கிவிட முடியாது. மாத்தளை வரை தமிழ் பேசுவோர் வாழும் ஊர்கள் பல; வழிநெடுகச் சாப்பாட்டுக் கடைகள், கராஜ்கள், ஆஸ்பத்திரிகள் உள்ளன. நெரிசல் ஒன்றுதான் தொல்லை. பேராதனையிலிருந்து ஹல்லொலுவை வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்குச் சென்றால் கண்டி நகரைத் தவிர்க்கலாம், கனமழை நாளில் அக்குறணையில் வீதி நீரில் மூழ்குகிறதா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். மஹியங்கனைக்கு அப்பால் வீதி சமதரையாகவும் வேகமாகவும் இருந்தாலும், ஊருக்கும் ஊருக்கும் இடையே நீண்ட வெறுமை. வண்டி பழுதானால் உதவிக்குக் காத்திருக்க நேரும். பொழுது சாய்ந்தால் யானைகள் வீதிக்கு வரும். மின்னேரியாவுக்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட பகுதியை மாலை நான்கு மணிக்குள் கடந்துவிட வேண்டும் என்பதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மாதம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டும்போது ரம்பொடைப் பக்கம் மூடுபனியும் மண்சரிவுமாக இருக்கும்; அதே காலத்தில் பதுளை, மஹியங்கனைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை நிலைமை மாறி, வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவுகளையும் மஹாவலிச் சமவெளியையும் நனைக்கிறது. மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வீதியை மூடுவது புதிதன்று. சிக்கல் என்னவென்றால், பிள்ளைகளின் புதிய பாடசாலைத் தவணையை எண்ணி நம்மவர்கள் டிசம்பரில்தான் வீடு மாறுகிறார்கள். அப்படியானால் வளைவுகளைப் பொறுத்துக்கொண்டு கண்டிப் பாதையையே எடுக்க வேண்டும். முடிந்தால் ஆகஸ்ட் விடுமுறைக்கு முன்தள்ளி மஹியங்கனை வழியே செல்வது நல்லது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைப் பாதைகளை மண்சரிவும் சமவெளி வீதிகளை வெள்ளமும் மறித்ததால் இரண்டு வழியுமே பயன்படவில்லை. ஆகவே புறப்படும் முதல்நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்டுவிட்டே லொறிக்காரருக்கு நாள் சொல்ல வேண்டும்.

வீட்டில் முதியவர்கள் இருந்தால் வேறொரு வழியும் உண்டு. தங்கை வீட்டார் சென்றபோது நாங்கள் செய்தது அதுவே. சாமான் லொறியை நானும் மச்சானும் மஹியங்கனை வழியே கொண்டு சென்றோம். வளைவுகளில் வாந்தி வந்தாலும் இடையிடையே இறங்கி ஆறவும் தேநீர் குடிக்கவும் இடம் வேண்டும் என்று சொன்ன அப்பாயி, பிள்ளைகளோடு வேனில் கண்டி வழியாக வந்து மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இளைப்பாறினார். மரதன்கடவலவில் இரண்டு வண்டிகளும் சந்தித்தன. செலவு கூடியது உண்மைதான், ஆனால் யாரும் நோயாகிப் போய்ச் சேரவில்லை. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டதால் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே அலுமாரியை இறக்க முடிந்தது.