வாய்ப்புண் ஜெல், பேஸ்ட், மவுத்வாஷ்: எது எதற்கு உதவும்?

மெடிக்கல் ஷாப்பில் போய் "வாய்ப்புண்ணுக்கு ஏதாவது குடுங்க" என்றால் ஒரு சின்ன ஜெல் டியூபும் ஓர் அட்டை பி-காம்ப்ளெக்ஸும் கைக்கு வரும். புண் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, தொட்டால் மெத்தென்று இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்த மூன்றும் தெரியாமல் எந்த மருந்து நல்லது என்று சொல்ல முடியாது.

அதிகம் விற்பது கோலின் சாலிசிலேட் ஜெல். ஸைட்டீ என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்த வகை. இது ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து. வலியையும் எரிச்சலையும் கொஞ்ச நேரம் குறைக்கும், புண்ணை ஆற்றாது. உதட்டின் உட்புறத்திலோ நாக்கின் ஓரத்திலோ வரும் சாதாரண வாய்ப்புண், அதாவது நடுவில் வெளிர் மஞ்சளும் சுற்றிலும் சிவப்பு வளையமுமாக 10 மி.மீ.க்குள் இருப்பது, 7 முதல் 14 நாளில் தானாகவே ஆறிவிடும். அதுவரை சாப்பிட முடிய வேண்டும் என்றால் இந்த ஜெல் போதும். வாயைக் கொப்பளித்து, பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கொஞ்சமாகத் தடவுங்கள். ஈரம் போகாமல் தடவினால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு வாயில் தடவும் சாலிசிலேட் ஜெல் கூடாது என்று பிரிட்டன் 2009-இலேயே சொல்லிவிட்டது. ரேய் நோய்க்குறி என்ற, மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்துதான் காரணம். பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் இதைத் தடவுவது இங்கே இன்னும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பென்சோகெய்ன், லிக்னோகெய்ன் கலந்த ஜெல்கள் வேறு வகை. தடவிய சில நிமிடத்தில் இடம் மரத்துப்போகும். சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ள நல்லதுதான். ஆனால் அதிகம் தடவினால் கன்னமும் சேர்ந்து மரத்து, மெல்லும்போது அதையே கடித்துவிட்டு இரண்டாவது புண்ணோடு நிற்க வேண்டியிருக்கும். பென்சோகெய்ன் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறவே கூடாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் எச்சரித்திருக்கிறது.

அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்களுக்கு உண்மையில் வேலை செய்வது டிரையம்சினலோன் 0.1% ஓரல் பேஸ்ட். இது ஸ்டீராய்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்தே வாங்க வேண்டும். "தடவினேன், கேட்கவில்லை" என்று சொல்பவர்களில் பலர் தடவிய முறைதான் தவறு. கிரீம் போலத் தேய்த்தால் பேஸ்ட் மணல் மணலாகத் திரிந்து உதிர்ந்துவிடும். அரை சென்டிமீட்டர் அளவு எடுத்து, துடைத்த புண்ணின் மேல் வைத்து, விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். வழுவழுப்பான மெல்லிய படலம் உண்டானதும் விட்டுவிடுங்கள். படுக்கப் போகுமுன் வைப்பதுதான் முக்கியமான வேளை, ஏனென்றால் இரவு முழுவதும் மருந்து புண்ணோடு ஒட்டி இருக்கும். வலி அதிகமென்றால் பகலில் சாப்பிட்ட பிறகு இரண்டு முறை. புண் தலைகாட்டிய முதல் நாளே ஆரம்பித்தால் பலன் நன்றாகத் தெரியும். ஏழு நாளில் தேறவில்லை என்றால் மறுபடி டியூப் வாங்காமல் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள். மேலண்ணத்திலோ பல்லை ஒட்டிய ஈறிலோ கொத்தாகச் சிறு கொப்புளங்கள் வந்தால் அது ஹெர்ப்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். துடைத்தால் உரிந்துவரும் வெள்ளைப் படிவு பூஞ்சையாக இருக்கலாம். இரண்டின் மேலும் ஸ்டீராய்டு வைத்தால் மோசமாகும்.

குளோர்ஹெக்சிடின் 0.2% மவுத்வாஷ் புண்ணில் வேறு கிருமி சேராமல் பார்த்துக்கொள்ளும். 10 மி.லி., ஒரு நிமிடம், தினம் இரண்டு முறை. பல் துலக்கியதும் உடனே கொப்பளித்தால் டூத்பேஸ்ட்டின் நுரைப்பொருள் மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும், அரை மணி நேரம் விடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், காபி டீ குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அந்த நுரைப்பொருள், சோடியம் லாரில் சல்ஃபேட், சிலருக்குப் புண்ணையே தூண்டும். மாதாமாதம் புண் வருகிறவர்கள் அது இல்லாத டூத்பேஸ்ட்டுக்கு மாறிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

பி-காம்ப்ளெக்ஸ் பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டும். சத்துக் குறைவு இருந்தால்தான் பலன். இல்லையென்றால் சிறுநீர் மஞ்சளாகப் போவதுதான் மிச்சம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் பி12 பார்க்க வேண்டும். கூடவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), ஃபோலேட் (இதுவும் ஒரு பி வைட்டமின்). மணத்தக்காளிக் கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கிராம்பு எண்ணெயை அப்படியே புண்ணில் விடுவது மட்டும் வேண்டாம், அது சதையைச் சுட்டுவிடும்.

கட்டி என்றால் மேலே சொன்ன எந்த டியூபுக்கும் வேலை இல்லை. ஈறில் பரு போல எழும்பிச் சீழ் வடிந்து அடங்கி மறுபடி எழும்பினால், பெரும்பாலும் அங்கே ஒரு பல்லின் நரம்பு செத்துக் கிடக்கிறது; ரூட் கேனல் அல்லது பல்லை எடுப்பதுதான் தீர்வு. கீழுதட்டின் உட்புறம் நீலம் பாய்ந்த மெத்தென்ற கொப்புளம் உடைந்து உடைந்து வந்தால் பெரும்பாலும் எச்சில் சுரப்பிக் குழாய் சேதமாகி எச்சில் தேங்கியது, சிறு அறுவையில் போய்விடும். மேலண்ணத்தின் நடுவே கல் போல இருக்கும் மேடு பெரும்பாலும் எலும்பின் இயல்பான வளர்ச்சி. நாக்கின் மேற்புறத்தில் பின்கோடியில் V வடிவில் வரிசையாக இருக்கும் மொட்டுகளைக் கண்ணாடியில் பார்த்து பயப்பட வேண்டாம், அவை எல்லோருக்கும் உண்டு.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புண் வந்தால் எதிரே இருக்கும் உடைந்த பல்லையோ பல்செட்டின் விளிம்பையோ பாருங்கள். அதைத் தேய்த்துச் சரிசெய்தால் இரண்டு வாரத்தில் ஆறிவிட வேண்டும். பாக்கு, குட்கா போடுகிறவர்களுக்குக் காரம் பட்டாலே எரிகிறது என்றால் அதை வாய்ப்புண் என்று நினைத்து ஜெல் தடவாதீர்கள். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் சதை நாராக இறுகத் தொடங்கியிருக்கலாம். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் உறுதிப்படுத்திவிட்டது.

மூன்று வாரம் தாண்டிய புண், ஓரம் தடித்த புண், துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் நெறிகட்டு: இவை வலிக்காமல் இருந்தால் இன்னும் அவசரம். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய் நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே போங்கள். சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் எடுத்துப் போங்கள், நெஞ்சுவலிக்கான நிக்கோரண்டில், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் இரண்டுமே வாய்ப்புண்ணை உண்டாக்கும். போகிற அன்று காலையில் புண்ணின் மேல் எதையும் தடவாதீர்கள். பேஸ்ட்டின் படலம் இருந்தால் புண்ணின் நிறமும் ஓரமும் மருத்துவருக்குத் தெரியாது.