ஒட்டுத்துணிப் போர்வைக்கு அடித்துணி: பழைய வேட்டியா, காகிதமா, கேன்வாஸா?

பிட்டுத்துணிகளை ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்க்காமல், அடியில் துணியிலோ காகிதத்திலோ ஒரு சதுரம் வைத்து அதன்மேல் வரிசையாகத் தைத்துக்கொண்டு போனால் வேலை கோணாது. கிராஸாக, அதாவது நூல் ஓட்டத்துக்குச் சாய்வாக வெட்டிய துண்டும் இழுபடாமல் அடங்கி நிற்கும். அந்தச் சதுரத்துக்கு என்ன போடலாம்? செய்தித்தாள், பேப்பர் கேன்வாஸ் (இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் விறைப்பான உள்துணி), காடா துணி, பழைய வேட்டி எல்லாவற்றிலும் தைத்துப் பார்த்துவிட்டு நான் வேட்டியோடு நின்றுவிட்டேன்.

காகிதத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. கோடு வரைந்து அதன்மேலேயே தைக்கலாம் என்பதால் நட்சத்திரத்தின் கூர்முனை பிசகாமல் வரும். தையலை 1.5 மில்லிமீட்டர் அளவுக்கு நெருக்கமாக வைத்தால்தான் தைத்த பிறகு காகிதத்தைக் கிழித்து எடுக்க எளிது. ஆனால் தையலுக்குள் சிக்கிய துணுக்குகள் முழுவதும் வராது. அச்சடித்த செய்தித்தாள் என்றால் மை துணியில் ஏறும். செய்தித்தாளில் உணவு பொட்டலம் கட்டக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொன்னதற்குக் காரணம் அந்த மைதான். குழந்தை வாயில் வைத்துச் சப்பும் போர்வைக்குள் அதன் துணுக்கை விட எனக்கு மனம் வராது. காகிதம்தான் வேண்டும் என்றால் அச்சடிக்காத மெல்லிய தாள் போதும்.

கடைகளில் தரும் துணிப்பை மாதிரியான பைகளை வெட்டி அடியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். சுமார் 160 டிகிரியில் உருகிவிடும். பருத்திக்கான இஸ்திரிச் சூடு 200 டிகிரியை நெருங்கும். அதனால் வேண்டவே வேண்டாம்.

ஆக, முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடியில் வைத்தது உள்ளேயே தங்கப் போகிறது என்றால், மேல்துணி படும் பாட்டையெல்லாம் அதுவும் படும். ஊறவைப்பது, அடித்துத் துவைப்பது, பிழிவது, வெயிலில் காய்வது என ஆண்டுக்கணக்கில். பேப்பர் கேன்வாஸ் இங்கேதான் பின்தங்குகிறது. புதிதில் சட்டமாக, அழகாக நிற்கும். துவைக்கத் துவைக்க, இஸ்திரியில் ஒட்டிய பசை அங்கங்கே விட்டு மேல்துணி கொப்புளம் போல எழும்பும். அதற்குப் பிறகு சரிசெய்ய வழியில்லை. புதுக் காடா துணியில் சிக்கல் வேறு: தறியில் போட்ட கஞ்சி போகும்போது துணி சுருங்கும், மேல்துணி சுருக்கம் விழுந்து நிற்கும். வெந்நீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். அப்படிச் செய்தால் காடா நல்ல துணி. வீட்டில் வேட்டி இல்லாதவர்கள் தயங்காமல் வாங்கலாம்.

பழைய வேட்டியில் இந்தக் கவலையே இல்லை. சுருங்க வேண்டியது எப்போதோ சுருங்கிவிட்டது, கஞ்சியும் போய்விட்டது, சாயமும் கிடையாது. கரையை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடங்களைத் தவிர்த்து எடுங்கள். பாலியெஸ்டர் கலப்பா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி உருண்டையாகும். கத்தரிக்காமல் கையால் கிழித்தால் நூல் ஓட்டத்தில் நேராகவே வரும். சதுரத்தை வேண்டிய அளவைவிட ஓர் அங்குலம் பெரிதாக எடுத்துக்கொண்டு, தைத்து முடித்த பிறகு அளவுக்கு நறுக்குங்கள். தைக்கும்போது துணி கொஞ்சம் உள்வாங்கும்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. ஓர் அடுக்கு கூடுவதால் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் குவில்ட் தையலைக் கையால் போடும்போது ஊசி சிரமப்படும், தையல் சேரும் மூலைகளில் இன்னும் அதிகமாக. நம் ஊர் வெக்கைக்கு நான் நடுவில் பஞ்சே வைப்பதில்லை. மேல்துணி, வேட்டி, பின்துணி மூன்றும் போதும், ஊசியும் சுலபமாக இறங்கும். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

வடிவம் வெட்டிய துணியை இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலைக்கு வந்தால் என் அனுபவம் பெரும்பாலும் கைத்தையல்தான். அதற்கு வேட்டித் துணி தாராளமாகப் போதும். ஓரம் மடிக்க, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வடிவம் வெட்டி வைத்து இஸ்திரி போட்டுவிட்டு அட்டையை உருவிவிடலாம். மிஷினில் நெருக்கமான ஜிக்ஜாக் போடுபவர்களுக்கு ஒற்றை வேட்டித் துணி சுருங்கி இழுக்கும். இரண்டாக மடித்துப் போடுங்கள், அல்லது அடியில் வெள்ளைத் தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். கோயில் தொம்பை, சுவர்த் திரை போன்று தொங்கவிடும் வேலைகளுக்கு விறைப்பு தேவை. அங்கே கேன்வாஸ்தான் சரி.

அப்புறம், பச்சிளம் குழந்தைக்குத் தைப்பவர்களுக்கு ஒன்று. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை எதுவும் வைக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் பரிந்துரை. விழித்திருக்கும்போது தரையில் விரித்து, நாம் பக்கத்தில் இருந்து விளையாட விடலாம்.