ராசிக்கல் கடையில் ₹60,000-க்கு மாணிக்கம், புளி பட்டதும் வெளுத்தது. வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

பெங்களூரில் ராசிக்கல் வாங்கக் கிளம்பியிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அல்சூரில் இருக்கும் எங்கள் பெரியம்மாவிடம் ஒரு கடை ₹60,000 வாங்கிக்கொண்டு, மாணிக்கம் என்று சொல்லி ஈயக் கண்ணாடி ரொப்பிய கல்லைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. லேப் ரிப்போர்ட் நேற்றுத்தான் கைக்கு வந்தது. புகார் போயிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. இனம் மட்டும் சொல்லலாம்: கீழே நகைக் கடை, மாடியில் ஏசி அறையில் ஜோசியர், இரண்டுக்கும் கல்லாப்பெட்டி ஒன்று. இந்த ஊரில் பேட்டைக்கு நாலு அப்படிக் கடை இருக்கிறது.

பெரியம்மா ஐப்பசியில் பிறந்தவர். ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "சூரியன் துலாத்துல நீசம்மா. அதான் உங்களுக்குக் கண்ணு மங்குது, வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு" என்றாராம். ஐப்பசியில் பிறந்த அத்தனை பேருக்கும் சூரியன் துலாத்தில்தான் இருப்பார். அதைச் சொல்ல ஜாதகம் எதற்கு, காலண்டர் போதும். கண்ணும் இதயமும் சூரியன் பொறுப்பு, சூரியனுக்குரிய கல் மாணிக்கம் என்பதெல்லாம் ஜோதிடத்தில் உள்ளதுதான், அதில் யாரும் சண்டை போடவில்லை. அதற்கு மேல் கடை சேர்த்துக்கொண்டதைப் பாருங்கள். குறைந்தது 6 ரத்தி வேண்டுமாம். தங்கத்தில் கட்டி, வலது கை மோதிர விரலில், ஞாயிற்றுக்கிழமை சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். ராத்திரி முழுக்க மோதிரத்தைத் தண்ணீரில் போட்டுவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டுமாம். கையில் திணித்த கையேட்டில் "ரத்த அழுத்தம், இதய நோய் நீங்கும், மாத்திரை படிப்படியாகக் குறையும்" என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லியும் பெரியம்மா தயங்கித்தான் இருக்கிறார். அப்போதுதான் பால் வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் பால் ஊற்றி, கல்லை உள்ளே போட்டு, அடியிலிருந்து மொபைல் டார்ச் அடித்தார்கள். பால் இளஞ்சிவப்பாக மாறியது. "ஜாதி மாணிக்கம் பாலைச் சிவக்க வைக்கும்னு பெரியவங்க சொல்லுவாங்களே, கேட்டிருப்பீங்களே?" கேட்டிருக்கிறார், அவருடைய பாட்டி வாயாலேயே கேட்டிருக்கிறார். அடுத்து ஊதா விளக்கு ஒன்றை அடித்தார்கள், கல் கங்கு மாதிரி சிவந்தது. அந்த நிமிஷத்தில் ₹60,000 கைமாறியது.

ஒளியை ஊடுருவ விடும் சிவப்புப் பொருள் எதுவும் பாலைச் சிவக்க வைக்கும், உடைந்த கண்ணாடி வளையல் துண்டு உள்பட. ஊதா விளக்கில் சிவப்பது கல்லுக்குள் இருக்கும் குரோமியம். 1902-இல் பிரான்ஸின் அகுஸ்த் வெர்னுய் வெளியிட்ட முறையில் உலைச் சுடரில் வளர்க்கும் செயற்கை மாணிக்கம் சுரங்கக் கல்லைவிடப் பிரமாதமாகச் சிவக்கும், ஏனென்றால் அதில் சிவப்பை மங்கச் செய்யும் இரும்பு கிடையாது. ஆக, இரண்டு சோதனையும் எதையும் காட்டவில்லை.

விலைக்கு வருவோம். ஆறேகால் ரத்தி, ரத்திக்கு ₹9,600, மொத்தம் ₹60,000. ரத்தியில் பேசுவதே கணக்கைக் குழப்பத்தான். ஆசாரிகளின் பழைய ரத்தி, அதாவது ஒரு குன்றிமணி எடை, சுமார் 121 மில்லிகிராம். கல் வியாபாரத்தில் சொல்லும் ரத்தி சுமார் 182 மில்லிகிராம், அதாவது 0.91 காரட். காரட் உலகம் முழுக்க 200 மில்லிகிராம்தான். லேப் தராசில் கல் 5.69 காரட் நின்றது. காரட்டுக்கு ₹10,500-க்கு மேல் ஆகிறது. ஐந்து காரட்டுக்கு மேல், நல்ல நிறத்தோடு, கண்ணுக்குச் சுத்தமாக, சூடுகூடப் படாத மாணிக்கம் என்றால் காரட்டுக்கு லட்சங்களில் பேச்சு நடக்கும். ஈயக் கண்ணாடி ரொப்பியது காரட்டுக்குச் சில நூறு ரூபாய். கடை இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகையைப் பிடித்திருக்கிறது. பென்ஷன் வாங்கும் வீட்டில் அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் தொகை அது. கேட்டதும் எழுந்து ஓட வைக்காது, மலிவு என்று சந்தேகப்படவும் வைக்காது.

ரொப்புவது எப்படி என்று தெரிந்தால்தான் ஏமாற்று விளங்கும். மாணிக்கம் குருந்தக்கல், அலுமினியம் ஆக்சைடு. குரோமியம் துளி சேர்ந்து சிவப்பாகிறது. மோஸ் கடின அளவில் 9, வைரத்துக்கு அடுத்த இடம். உள்ளுக்குள் விரிசல் வலை ஓடி நகைக்கு ஆகாத குருந்தம் மலிவாக நிறையக் கிடைக்கும். 2004 வாக்கில் மடகாஸ்கரின் ஆண்டிலமேனா பகுதிக் கற்களை இப்படிச் சரிக்கட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். கல்லை ஓரளவு வடிவாக அரைத்து, சூடாக்கி, விரிசலுக்குள் இருக்கும் அழுக்கைப் போக்குவார்கள். பிறகு ஈய ஆக்சைடு கலந்த கண்ணாடித் தூளோடு சேர்த்து 900 டிகிரி அளவில் மறுபடி சூடு. கண்ணாடி உருகி விரிசல் முழுக்க ஓடி நிறைந்துவிடும். ஈயம் ஏன் என்றால், சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு) 1.5 சொச்சம், மாணிக்கத்துக்கு 1.76. ஈயம் கூடக் கூடக் கண்ணாடியின் எண்ணும் ஏறி மாணிக்கத்தை நெருங்கும். நெருங்கிவிட்டால் விரிசலின் ஓரம் கண்ணில் படாது. கடலைமிட்டாயில் கடலை நிஜம்தான், பிடித்து நிறுத்துவது பாகு. அந்தப் பாகையும் கடலை விலைக்கு நிறுத்துக் கொடுத்தால் எப்படி, அதுதான் இது. "சத்தியமா நேச்சுரல்மா" என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை, அதனால்தான் அவ்வளவு தைரியமாகச் சொல்கிறார்.

பத்து மடங்கு லூப் (நகைக்காரர் பூதக்கண்ணாடி) கையில் இருந்தால் இதைப் பிடிப்பது பெரிய வேலை இல்லை. விளக்கின் கீழ் கல்லை மெல்லச் சாய்த்துக்கொண்டே வர வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் விரிசல் வழியே நீலமோ ஆரஞ்சோ பளிச்சென்று மின்னி மறையும். மாணிக்கத்தின் உடலில் அந்த நிறங்களுக்கு வேலையே இல்லை. உள்ளே நசுங்கிய காற்றுக் குமிழிகள் தெரியும். கல்லின் முகத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது, கண்ணாடி மேலே வந்து முட்டும் இடங்கள் மட்டும் மங்கிய கோடுகளாக நிற்கும். பெரியம்மாவின் கல்லில் மூன்றும் இருந்தன. வெர்னுய் கல்லாக இருந்தால் இவை இருக்காது, இசைத்தட்டில் இருப்பதுபோல் வளைந்த கோடுகள் ஓடும். சுரங்கக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணம் போட்டும்தான் போகும்.

அமிலம் குருந்தத்தை ஒன்றும் செய்யாது. ஈயக் கண்ணாடியை அரித்துவிடும், எலுமிச்சைச் சாறே போதும். ஆடி வெள்ளிக்குப் பெரியம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தார், மோதிரம் கையில். கழுவிப் பார்த்தால் கல்லின் மேல் வெள்ளை நூல் வலை. பட்டறையிலும் இதே கதிதான். மோதிரம் இறுக்கம் என்று பெரிசாக்கக் கொடுத்தால், கல்லைக் கழற்றாமல் ஆசாரி பற்றவைக்கும்போது ஊதுகுழல் சூட்டில் கண்ணாடி இளகிக் கொப்பளிக்கும். பிறகு போடும் அமிலத் தொட்டியில் மிச்சமும் போகும்.

மோதிரத்தைக் கடைக்கு எடுத்துப் போனபோது கிடைத்த பதில்தான் இன்னும் வயிற்றெரிச்சல். "கல்லு உங்க திருஷ்டியை வாங்கிக்கிட்டதும்மா. நல்ல கல்லா இருக்கப்போய்த்தான் வெளுத்திருக்கு, சந்தோஷப்படுங்க." பணத்தைக் கேட்டால், "ஜெபம் பண்ணி உருவேத்தின கல்லைத் திரும்ப வாங்கினா அந்த தோஷம் கடைக்கு வரும்." ஜோசியரைக் கேட்டால் கிரிவலம் போயிருக்கிறார். முதலாளியைக் கேட்டால் ஜெய்ப்பூர் போயிருக்கிறார். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் விழவில்லை. கடைசியில் இன்னொரு ₹15,000 கட்டினால் சாந்தி செய்து வேறு கல் தருகிறார்களாம்! ₹60,000 போன இடத்திலேயே மேலும் ₹15,000.

அண்ணன் போய்ச் சத்தம் போட்டதும் மோதிரத்தின் உள்பக்கத்தைக் காட்டி, "916 ஹால்மார்க் இருக்கு, அரசாங்கமே முத்திரை போட்டிருக்கு" என்றார்கள். பிஐஎஸ் முத்திரையும் அதோடு வரும் ஆறு இலக்க எச்யுஐடி எண்ணும் தங்கத்தின் தரத்துக்கு மட்டும். கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லாது. அப்புறம் பிளாஸ்டிக் அட்டைச் சான்றிதழை நீட்டினார்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் "நேச்சுரல் கொரண்டம்", அதாவது இயற்கைக் குருந்தம். கீழே "கமெண்ட்ஸ்" வரியில் எறும்பளவு எழுத்தில் "கிளாஸ் ஃபில்லிங்", அதாவது கண்ணாடி ரொப்பியது. எல்லாம் ஆங்கிலம். பெரியம்மா தமிழும் கன்னடமும் படிப்பார். "எழுதித்தானேம்மா கொடுத்திருக்கோம், படிக்காம வாங்கினா நாங்க என்ன பண்றது?" பில்லை எடுத்துப் பார்த்தால் "மோதிரம் 1, ஸ்டோன் 1". மாணிக்கம் என்ற சொல்லே அதில் இல்லை. மாடியில் மூச்சுக்கு முந்நூறு தரம் சொன்ன சொல், பில்லில் மட்டும் காணோம்.

சாஸ்திரத்தைக் காட்டித்தானே விற்றார்கள், சாஸ்திரத்தையே கேட்போம். சிலப்பதிகாரத்து மதுரை ரத்தினக் கடைத் தெருவில் சிவப்பில் மட்டும் பதுமம், நீலம், விந்தம், படிதம் என்று நான்கு சாதி பிரித்திருந்தார்கள். வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று குற்றங்களுக்குத் தனித்தனிப் பெயரே இருந்தது. கருட புராணத்தில் ரத்தினப் பரீட்சைக்கென்றே அத்தியாயங்கள் உண்டு. இந்த மரபு முழுக்க ஒரே குரலில் சொல்வது, குற்றமுள்ள கல்லைக் கையாலும் தொடாதே என்பதைத்தான். உள்ளே விரிசல் வலை ஓடும் கல்லை வைத்து தோஷ நிவர்த்தி என்று விற்பவருக்கு அந்த மரபைப் பேச வாய் ஏது? பெயர் மாறிப் போவது வேறு விஷயம். பிரிட்டிஷ் மகுடத்தில் நெற்றிக்கு நேராக இருக்கும் "பிளாக் பிரின்ஸ் ரூபி" உண்மையில் ஸ்பினெல். 1783-இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் ரோமே தெ லில் இரண்டும் வேறு வேறு கனிமம் என்று பிரித்துக் காட்டும்வரை சிவப்புக் கல் பலவற்றுக்கும் ஒரே பெயர்தான். அது அறியாமை. இது அட்டையில் அச்சடித்து வைத்துக்கொண்டு செய்வது.

மாணிக்கம் ரத்தப்போக்கை நிறுத்தும் என்று ஐரோப்பாவில் நம்பினார்கள். பர்மாவில் வீரர்கள் காயம் படாதிருக்கச் சதைக்குள்ளேயே பதித்துக்கொண்டதாகக் கதை. நம் பக்கம் பன்னீர் விட்டு அரைத்துப் பிஷ்டி என்ற மருந்துப் பொடி செய்தார்கள். இதில் எதுவும் ரத்த அழுத்தத்தைக் குறைக்காது. குருந்தம் தோலிலும் கரையாது, தண்ணீரிலும் கரையாது. நல்ல கல்லாக இருந்தால் ஊறவைத்த தண்ணீர் வெறும் தண்ணீர், குடித்தால் கெடுதலும் இல்லை. ரொப்பிய கல்லில் இருப்பது ஈயம். விளிம்பெல்லாம் அரித்துப்போன ஈயக் கண்ணாடியை ராத்திரி முழுக்க ஊறவைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் மாத்திரையைக் குறைத்துக்கொண்டு. பணத்தைவிட இதை நினைத்தால்தான் பகீரென்கிறது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அவசரமாகச் சில விஷயங்கள். கல்லைக் கட்டுவதற்கு முன்பே தனியாக லேப்புக்குக் கொண்டுபோங்கள், கடை தரும் அட்டையை நம்ப வேண்டாம். சில நூறு ரூபாயில் தொடங்கிச் சோதித்துத் தரும் லேப்கள் உண்டு. ரிப்போர்ட்டில் முதலில் "கமெண்ட்ஸ்" வரியைப் படியுங்கள். "கிளாஸ்", "காம்போசிட்", "ஃபில்லிங்" என்று எது இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் கல்லின் பெயர், காரட் எடை, என்ன பக்குவம் செய்தது, திருப்பித் தரும் கெடு, நான்கும் எழுதி வாங்குங்கள். அடி மூடிக் கட்டிய மோதிரம் வேண்டாம், பின்னால் தகடு வைத்து நிறம் ஏற்றியிருப்பார்கள். மாத்திரையைக் குறைக்கச் சொல்லும் கையேட்டைக் கிழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். 1954-ஆம் ஆண்டு மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் ரத்த அழுத்தமும் இதய நோயும் இருக்கின்றன, அந்தக் கையேடே சாட்சி. ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

இன்னொன்று. "கொடுங்கம்மா, செக் பண்ணித் தர்றோம்" என்று மோதிரத்தைக் கேட்பார்கள். விட்டுவிட்டு வராதீர்கள். திரும்பி வரும்போது கல் மாறியிருந்தால் கையில் ஆதாரமும் இருக்காது, ₹60,000-மும் இருக்காது.