மானேயின் மருத்துவமனையா, மாட்டாவின் ஒரு சதவீதமா?

போன வருடம் எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவின் பழைய ஆட்டக்காரர்கள் 14 பேர் கூடி ஒரு முடிவெடுத்தோம். இனி மைதானத்தில் எதுவும் கட்டுவதில்லை. ஆளுக்குச் சம்பளத்தில் ஒரு சதவீதம், மாதாமாதம், பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவருக்கு. யோசனை எங்களுடையது அல்ல, ஸ்பெயின் கால்பந்து வீரர் ஹுவான் மாட்டாவுடையது. எதிர்த்துப் பேசியவர்கள் செனகல் கால்பந்து வீரர் சாடியோ மானேயைக் காட்டினார்கள். “அவன் ஊருக்கு ஆஸ்பத்திரியே கட்டினான், நாம ஒரு ஷெட் போடக் கூடாதா?” என்று கேட்டார் ஒரு அண்ணன். நியாயமான கேள்விதான். அன்றைக்கு வாயால் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

மானேயின் கதை பலருக்கும் தெரியும். செனகலின் தெற்கில் பாம்பாலி என்ற கிராமம். அவருக்கு ஏழு வயதில் அப்பா இறந்துபோனார்; ஊரில் மருத்துவமனை கிடையாது. இங்கிலாந்தின் லிவர்பூல் குழுவில் ஆடிச் சம்பாதித்த பணத்தில் முதலில் பள்ளிக்கூடம், பிறகு 2021-ல் சுமார் 5 லட்சம் பவுண்டு செலவில் மருத்துவமனை. பார்த்தால் கண் கலங்கும். இதைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

மாட்டாவின் வழியில் கண் கலங்க ஒன்றுமில்லை. 2017-ல், மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது, தன் சம்பளத்தில் ஒரு சதவீதத்தை ‘காமன் கோல்’ என்ற பொது நிதிக்குத் தருவதாக அறிவித்தார். சக ஆட்டக்காரர்களையும் அழைத்தார். முதலில் வந்தவர் ஜெர்மனியின் மாட்ஸ் ஹும்மெல்ஸ். இத்தாலியின் கியெல்லினியும் சேர்ந்தார். (பெயர்தான் மாட்டா, கொடுக்க மாட்டேன் என்று சொன்னவர் இல்லை.) அந்த நிதி எதையும் புதிதாகத் தொடங்குவதில்லை. கால்பந்தை வைத்து ஏற்கெனவே பிள்ளைகளிடம் வேலை செய்துவரும் அமைப்புகளுக்குப் போகிறது. அந்த வருடக் கோடையில் மாட்டா மும்பைக்கு வந்து பார்த்ததும் அப்படி ஓர் அமைப்பைத்தான்: குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பந்து உண்டு, ஆனால் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும்.

புகழ், வரிச்சலுகை, படம் பிடித்துப் போடுவது எல்லாம் இரண்டு வழியிலும் உண்டு, அதை விட்டுவிடலாம். என் கண்ணில் இரண்டையும் பிரிப்பது ஒன்றுதான்: திறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் கதவைத் திறப்பது யார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. 2014-ல் இதே ஆட்கள் சேர்ந்து மைதானத்து ஓரத்தில் ஓர் அறை கட்டினோம். உடை மாற்ற, பந்து வைக்க. தரைக்கு டைல்ஸ், மேலே தண்ணீர்த் தொட்டி, போர்வெல்லுக்கு மோட்டார். சாவி ஒருவரிடம் இருந்தது. அவர் வேலை மாறி வெளியூர் போனார். இரண்டாவது வருடம் மோட்டார் காயில் எரிந்தது. பழுது பார்க்க 3,500 ரூபாய். கட்டிடத்துக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவர்கள் இந்த 3,500-க்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கட்டும்போது கொடுத்தால் பெயர் கல்லில் ஏறும், காயிலுக்குக் கொடுத்தால் என்ன ஏறும்? நான் கடைசியாக எட்டிப் பார்த்தபோது உள்ளே ஆட்டுப் புழுக்கை, ஜன்னலில் புறாக் கூடு. கல்வெட்டில் எங்கள் பெயர்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

ஓர் அறைக்கே இந்தப் பாடு என்றால் மருத்துவமனைக்குக் கேட்கவா வேண்டும்? டாக்டர், நர்ஸ், மருந்து, கரண்ட், ராத்திரி காவல் என்று ஒவ்வொரு மாதமும் கேட்டுக்கொண்டே இருக்கும். மானேயும் இது தெரியாதவர் அல்ல. மருத்துவமனை விஷயமாக அவர் செனகலின் அப்போதைய அதிபர் மக்கி சாலையே நேரில் போய்ப் பார்த்தார். சுவரைத் தனி ஆள் எழுப்பிவிடலாம். உள்ளே ஆள் உட்கார அரசாங்கம் வேண்டும்.

இதில் கெட்டிக்காரர் என்று எனக்குத் தோன்றுவது அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ். 2018-ல் அவர் சொந்த ஊரான ஆக்ரனில் தொடங்கிய ‘ஐ ப்ராமிஸ்’ பள்ளியை அவருடைய தனிப் பள்ளி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது அரசுப் பள்ளி. ஆசிரியர் சம்பளம் முதலான அன்றாடச் செலவில் பெரும்பகுதி அந்த மாவட்டப் பள்ளி நிர்வாகத்துடையது. அதற்கு மேல் வேண்டியதை, குடும்பங்களுக்கான உதவி மையம் உட்பட, அவருடைய அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. டென்னிஸ் வீரர் ஆன்ட்ரே அகஸ்ஸி 2001-ல் லாஸ் வேகஸில் தொடங்கிய பள்ளி வேறு மாதிரி. நல்ல பெயர் எடுத்தது, பல வருடம் நடந்தது. கடைசியில் பள்ளிகள் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட இன்னோர் அமைப்பிடம் ஒப்படைத்தார். தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட ஆட்களிடம்தான் போய்ச் சேரும் என்றால் முதலிலேயே அவர்களிடம் கொடுத்திருக்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

சொந்தப் பெயரில் அறக்கட்டளை என்றால் கணக்கர், தணிக்கை, வருடாவருடம் தாக்கல் என்று தனி அலுவலகமே வேண்டும். பந்தடிக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அண்ணனையோ மச்சானையோ உட்கார வைத்துவிடுவார். 2013-ல் அமெரிக்க விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன் பெரிய வீரர்களின் 115 அறக்கட்டளைகளை ஆராய்ந்தபோது நான்கில் மூன்று பங்கு ஏதாவது ஓர் அளவுகோலில் தேறவில்லை. பெரும்பாலும் திருட்டு என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. தெரியாத வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டதாகத்தான் இருக்கும்.

டென்னிஸ் வீரர் ஃபெடரர் நடுவழியில் போகிறவர். 2003-ல் சொந்தப் பெயரில்தான் அறக்கட்டளை தொடங்கினார், ஆனால் தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் உள்ளூர் அமைப்புகளைக் கொண்டே வேலை நடக்கிறது. 2020-ல் கேப்டவுனில் நடாலோடு ஆடிய ஒரே ஆட்டத்துக்கு 51,954 பேர் வந்தார்கள். சுமார் 35 லட்சம் டாலர் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தை ஒரு சதவீதத் திட்டம் எந்தக் காலத்திலும் கூட்டாது. பெயருக்கு இருக்கும் பலம் அது, ஒத்துக்கொள்கிறேன்.

எங்கள் வழியின் ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டக்காரரின் சம்பளம் 35 வயதோடு முடியும், அதோடு ஒரு சதவீதமும் முடியும். ஏற்கெனவே நடக்கிற ஒன்றுக்குத்தான் கொடுக்க முடியும். பாம்பாலியைப் போல ஒன்றுமே இல்லாத இடத்தில் யாரிடம் கொடுப்பது? அங்கே யாராவது முதல் செங்கல்லை வைத்துத்தான் ஆக வேண்டும், மானே வைத்தார். சேலம் சின்னப்பம்பட்டியில் நடராஜன் 2023-ல் கிரிக்கெட் மைதானம் திறந்ததையும் இந்தக் கணக்கில்தான் வைப்பேன். அவர் ஊர், அவர் வளர்ந்த மண், அடிக்கடி வந்து நிற்கிற ஆள். எங்கள் சாவிக்காரர் மாதிரி இல்லை.

எங்கள் அனுபவமும் 13 மாதம்தான், இதை வைத்து அடித்துப் பேச முடியாது. 14 பேரில் இப்போது ஒழுங்காகக் கொடுப்பவர்கள் 11. மாதம் 5,000 சொச்சம் வருகிறது. பயிற்சியாளருக்கு 4,000, மிச்சத்தில் சனிக்கிழமை முட்டையும் சுண்டலும். சாயங்காலம் ஐந்தரைக்கு விசில் சத்தம் கேட்கிறது. ஒரு நாள் கேட்காவிட்டால் பிள்ளைகளே எங்களுக்குப் போன் போடுகிறார்கள்.

மோட்டாரை மட்டும் இன்னும் சரி பண்ணவில்லை. ஒரு சதவீதத்தில் அதற்கு இடமில்லை. பயிற்சியாளர் எதிர் வீட்டிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் வாங்கி வைக்கிறார். ஷெட் கேட்ட அண்ணன் போன வாரம் வந்து அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. காயில் கட்ட இப்போது எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.